பாலும் எண்ணும்: கணக்கெடுப்புப் படிவங்களை வாசித்தல்

கவிதையையும் நாவலையும் பெண்ணிய நோக்கில் வாசிக்க நாம் பழகியிருக்கிறோம். யார் பேசுகிறார், யாருக்குப் பெயர் இருக்கிறது, எந்த இடத்தில் மௌனம் இருக்கிறது என்று கேட்கிறோம். அரசாங்கத்தின் படிவத்தை மட்டும் அப்படி வாசிப்பதில்லை. அதை நிரப்புகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், திருப்பிக் கொடுக்கிறோம். நம் காலத்தில் மிக அதிகமான பெண்களைப் பற்றி எழுதப்பட்ட பனுவல் அதுதான். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 7,24,115 பெண்கள் பதில் சொன்னார்கள். எந்தக் காப்பியத்திலும் இத்தனை பெண்கள் வந்ததில்லை. அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது, என்ன கேட்கப்படவில்லை என்பதைப் பொறுத்தே மருத்துவமனைகளுக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது, மாத்திரைகள் வாங்கப்படுகின்றன, திட்டங்கள் தொடங்கவும் நிறுத்தவும் படுகின்றன.

இந்தக் கட்டுரை இரண்டு கணக்கெடுப்புகளை அருகருகே வைத்து வாசிக்கிறது. ஒன்று குடும்ப நல ஆய்வு. மற்றது கால்நடைக் கணக்கெடுப்பு. இரண்டும் வெவ்வேறு அமைச்சகங்களின் வேலை. ஒன்றை எழுதியவர் மற்றதைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. இருந்தும் இரண்டுக்கும் ஒரே வாக்கிய அமைப்பு இருக்கிறது.

தமிழ் இலக்கணம் உயிர்களை வகுத்த விதத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று மூன்று. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என்று இரண்டே. காளை வந்தது, பசுவும் வந்தது. வினைமுற்றில் வேறுபாடு இல்லை. மாட்டுக்கு எண்தான் உண்டு, ஆண் பெண் என்ற பால் கிடையாது. தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் ஆண், பெண், இளமைப் பெயர்களைத் தனித்தனியே அடுக்கிச் சொன்னாலும், வாக்கியத்துக்குள் வரும்போது அவை எண்ணாகிவிடுகின்றன. கணக்கெடுப்புப் படிவம் இதைத் தலைகீழாக்கியது. அங்கே மாட்டுக்கு முதலில் கேட்கப்படுவது பால்தான். அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்தான்.

இந்தியாவில் கால்நடைக் கணக்கெடுப்பு 1919இல் தொடங்கியது. 2019இல் வெளியான இருபதாவது கணக்கெடுப்பின்படி நாட்டில் 53.58 கோடிக் கால்நடைகள். அதில் பசுவினம் 19.25 கோடி. படிவம் பெண் மாட்டை வயதால் பிரிக்கிறது. வயது வந்ததும் கேள்வி மாறுகிறது: கறவையில் இருக்கிறதா, பால் வற்றியிருக்கிறதா, ஒருமுறைகூட ஈனாததா, இவை எதிலும் சேராததா? ஆண் மாட்டுக்கு வேறு கட்டங்கள்: இனப்பெருக்கத்துக்கா, உழவுக்கா, வண்டிக்கா, மற்றவையா? ஒரு மாட்டை ‘மற்றவை’ என்ற கட்டத்தில் எழுதியபின் அதைப்பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஊரில் அதற்கு வேறு சொல் இருக்கிறது: அடிமாடு.

இனி பெண்களின் படிவம். 1992–93இல் நடந்த முதல் குடும்ப நல ஆய்வு 13 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான அல்லது ஒருகாலத்தில் திருமணமாகியிருந்த பெண்களை மட்டும் கேட்டது. 1998–99இல் இரண்டாம் சுற்றிலும் திருமணமாகாத பெண்ணுக்கு இடமில்லை. வயது மட்டும் 15 முதல் 49 ஆனது. 2005–06இல் மூன்றாம் சுற்றில்தான் திருமணமாகாத பெண்களும் ஆண்களும் நேர்காணலுக்குள் வந்தார்கள். அதாவது ‘குடும்ப நலம்’ என்று பெயரிட்ட ஆய்வு முதல் பதிமூன்று ஆண்டுகள் தாலி கட்டிய பெண்ணின் கருப்பையைத்தான் குடும்பம் என்று எடுத்துக்கொண்டது. வினாநிரலின் தொடக்கப் பகுதிகள் இன்றும் அந்த வரிசையில்தான் போகின்றன: எத்தனை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன, இப்போது கர்ப்பமா, இன்னும் வேண்டுமா, என்ன தடுப்பு முறை? ஈன்றது, ஈனாதது என்ற இலக்கணம் இங்கும் மாறவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ஐந்தாம் சுற்றில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பார்க்கப்பட்டன. ஐம்பது வயதுப் பெண்ணின் கையிலும் பட்டை சுற்றப்பட்டது. ஆனால் அவளிடம் உட்கார்ந்து பேசும் நேர்காணல் 49இல் நின்றுவிடுகிறது. அடியிறக்கத்தோடு வயல்வேலை செய்பவள், மாதவிடாய் நிற்கும் காலத்தில் உதிரப்போக்கோடு பேருந்தில் நின்றபடி வேலைக்குப் போகிறவள், மருமகளின் பிரசவத்துக்குத் துணையாக மருத்துவமனை வராந்தாவில் படுத்திருப்பவள் ஆகிய எல்லோரும் இந்தப் படிவத்தைப் பொறுத்தவரை ‘மற்றவை’.

ஆண்களைப் பற்றியும் ஒரு வரி. ஐந்தாம் சுற்றில் நேர்காணப்பட்ட ஆண்கள் 1,01,839 பேர். ஏழு பெண்களுக்கு ஓர் ஆண். பெண்களை அதிகம் கேட்டது அவர்கள்மேல் உள்ள அக்கறையால்தானே என்று கேட்கலாம். குழந்தை பிறப்பதையும் பிறக்காமல் தடுப்பதையும் பெண்ணுடலின் பொறுப்பாகப் பார்க்கும் பழைய பார்வை மாதிரியின் அளவிலேயே பதிந்திருக்கிறது என்றும் இதை வாசிக்கலாம்.

இரண்டு படிவங்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம், பிறப்பின்போதுள்ள பால் விகிதம்.

ஐந்தாவது குடும்ப நல ஆய்வு வெளியானபோது நாளிதழ்கள் கொண்டாடிய எண் 1,020. ஆயிரம் ஆண்களுக்கு ஆயிரத்து இருபது பெண்கள்; இந்தியாவில் பெண்கள் பெருகிவிட்டார்கள் என்றார்கள். அதே ஆய்வின் சுருக்க அட்டவணையில் இன்னொரு எண் இருந்தது: முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 929. முதல் எண் அந்த இரவு வீட்டில் தங்கியிருந்தவர்களைக் கணக்கிட்டது. பிழைப்புக்காக வெளியூர் போன ஆண்கள் அதில் குறைவு, நீண்டகாலம் வாழும் பாட்டிகள் அதில் அதிகம். பிறக்கவிடாமல் செய்யப்பட்டவர்களின் தடயம் இரண்டாவது எண்ணில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த எண் நான்காம் சுற்றில் 954 ஆக இருந்து ஐந்தாம் சுற்றில் 878 ஆனது. மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் மாநில அளவில் பிழைவரம்பு பெரியது; ஒரு சுற்றை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஆனால் உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகளை 1980களில் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்த மாநிலம் இது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்த மாநிலம். அப்படிப்பட்ட இடத்தில் 878 என்ற எண்ணைப் பார்த்து ஒரு வாரமாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

இதே ஆண்டுகளில் மாட்டுக் கொட்டகையில் விகிதம் எதிர்த்திசையில் போனது. 2012க்கும் 2019க்கும் இடையில் பெண் பசுவினம் 18 விழுக்காடு கூடியது, 14.5 கோடியைத் தாண்டியது. ஆண் மாடுகள் 30 விழுக்காடு குறைந்தன. டிராக்டர் வந்தபின் காளைக்கு உழவில்லை. சரக்கு வாகனங்கள் வந்தபின் வண்டியில்லை. காளைக் கன்று குடிக்கும் பால் சங்கத்துக்கு ஊற்ற முடியாத பால். ஆகவே ‘கிடேரி போட்டிருக்கு’ என்ற செய்தி வீட்டுக்குச் சந்தோஷம். காளைக் கன்று பிறந்தால் முகம் வாடுகிறது; அது சீக்கிரம் தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது, விற்கப்படுகிறது, அல்லது மெலிந்து சாகிறது. பெண்கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த உறைவிந்தை ஒன்றிய அரசின் கோகுல் இயக்கம் மானியத்தோடு ஊக்குவிக்கிறது. 90 விழுக்காடு வரை பெண்கன்று உறுதி என்பதே அதன் விளம்பரம். மனிதருக்கு இப்படிப் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும் குற்றம் என்கின்றன.

பெண்குழந்தையும் காளைக்கன்றும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் இருவருக்குமே அநியாயம். அவர்களைக் கழித்துக்கட்டும் கணக்கு ஒன்று என்கிறேன். இந்த உடலிலிருந்து வீட்டுக்கு என்ன வரும் என்பதே அந்தக் கணக்கு. கிடேரியிலிருந்து பால் வரும், மகனிடமிருந்து சம்பாத்தியமும் கொள்ளியும் வரும். காளைக் கன்றால் செலவு, மகளால் சீர்வரிசை. வெறும் அன்பின்மை என்று இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அன்பான வீடுகளும் இந்தக் கணக்கைப் போடுகின்றன. 2017–18 பொருளாதார ஆய்வறிக்கை இதை அளக்க ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தது. எல்லாக் குழந்தைகளையும் எண்ணாமல் கடைசிக் குழந்தையை மட்டும் எண்ணியது. மகன் பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போகும் குடும்பங்களில் கடைசிக் குழந்தை ஆணாகவே இருக்கும். அதற்கு முன்னால் வரிசையாகப் பிறந்த பெண்கள், மகன் வரும்வரையான காத்திருப்பில் பிறந்தவர்கள். அப்படி 25 வயதுக்குட்பட்டவர்கள் 2.1 கோடிப் பேர் என்று அறிக்கை கணக்கிட்டது. பிறக்காமலோ பிழைக்காமலோ போனவர்கள் 6.3 கோடி. அந்த 2.1 கோடிக்கு அறிக்கை தந்த பெயர் ‘வேண்டாத பெண்கள்’. அட்டையை இளஞ்சிவப்பில் அச்சிட்ட அறிக்கைக்கு, உயிரோடிருந்து பள்ளிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருக்கும் பெண்களைக் குறிக்க இதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை. அளவையின் நுட்பம் பாராட்டுக்குரியது. பெயர் சூட்டும்போது மட்டும் அது அந்த வீட்டின் குரலிலேயே பேசிவிட்டது.

விகிதங்களை விட்டு, மாடும் பெண்ணும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் கொட்டகைக்குப் போவோம்.

விடிவதற்கு முன் சாணம் அள்ளுவது, தீவனம் வைப்பது, தண்ணீர் காட்டுவது, புல் அறுத்துவருவது, கன்று நோய்ப்பட்டால் இரவில் விழித்திருப்பது எல்லாம் பெரும்பாலும் பெண் செய்யும் வேலைகள். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவர்களுக்கு 92. வீட்டு வேலையோடு காய், கிழங்கு, விறகு, மாட்டுத்தீவனம் போன்றவற்றை வீட்டு உபயோகத்துக்காகச் சேகரிப்பவர்களுக்கும் தையல், நெசவு செய்பவர்களுக்கும் 93. இரண்டு எண்களுமே உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே. மாட்டுத்தீவனம் என்ற சொல் படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. புல்லுக்கட்டு தலையில் இருப்பதைப் படிவம் பார்த்திருக்கிறது. பார்த்தபின்பும் அவளை ‘வேலையில் இல்லை’ என்று எழுதுகிறது. அதே புல்லைத் தின்று மாடு கொடுக்கும் பால் நாட்டின் உற்பத்தியில் ஏறுகிறது. நியூசிலாந்தின் மெரிலின் வேரிங் 1988இல் தேசிய வருமானக் கணக்கைப் பெண்கள் பக்கமிருந்து விசாரித்து எழுதிய நூல் எழுப்பிய வாதம் இதுதான்: சந்தைக்குப் போகும் பொருளுக்கு மதிப்பு, அதை உண்டாக்கிய கைக்கு மதிப்பில்லை. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒருநாளில் அதற்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. 2024இல் அது 289, 88. பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆணும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டான்.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையும் மாலையும் பாலை அளக்கிறார்கள். லிட்டர் மட்டும் பார்ப்பதில்லை. ஃபேட் எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவு என்று ஒரு சிறு கருவி சொல்கிறது, அதைப் பொறுத்துத்தான் விலை. பாலைக் கொண்டுவந்து ஊற்றும் பெண்ணின் இரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதை, அவள் கர்ப்பமாக இருந்தாலொழிய, அநேகமாக யாரும் கேட்பதில்லை. மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு வில்லை. பெண் கர்ப்பமானதும் அவளுக்கும் பன்னிரண்டு இலக்கத்தில் பிக்மி எண். பிரசவம் முடிந்து தடுப்பூசிக் காலம் கடந்ததும் அந்த எண் உறங்கிவிடுகிறது.

இந்தப் பிரிவினையால் நோய் எப்படிக் கண்ணுக்குத் தப்புகிறது என்பதற்குக் கன்று வீச்சு நோய் ஓர் எடுத்துக்காட்டு. மருத்துவத்தில் புரூசெல்லோசிஸ். மாட்டுக்கு வந்தால் கரு கலைந்துபோகும், ஆட்டுக்கும் வரும். 2019இல் ஒன்றிய அரசு கோமாரியையும் இந்த நோயையும் ஒழிக்க 13,343 கோடி ரூபாயில் திட்டம் தொடங்கியது. நான்கு முதல் எட்டு மாதப் பெண்கன்றுகளுக்கு ஒரு தடுப்பூசி. காளைக் கன்றுக்குக் கிடையாது. இந்த நோய் மனிதரையும் தொற்றும். காய்ச்சாத பாலால் தொற்றும். கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் கையால் தொடுவதால் தொற்றும். மாடு ஈன்றதும் விழும் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதற்கு முன் அதை அள்ளுவதும் தொழுவத்தைக் கழுவுவதும் வெறும் கைகள். பல வீடுகளில் பெண்ணின் கைகள்.

தொற்று வந்தால் காய்ச்சல் விட்டுவிட்டு வரும், இரவில் வியர்த்துக் கொட்டும், மூட்டும் இடுப்பும் வலிக்கும், மாதக்கணக்கில் அசதி இருக்கும். கர்ப்பிணிக்குக் கரு கலையவும் கூடும். டைபாய்டு என்றோ வாதம் என்றோ ‘வேலை அலுப்பு’ என்றோ சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட முடிகிற அறிகுறிகள் இவை. தொழுவத்தில் என்ன நடந்தது என்று கேட்டால்தான் மருத்துவருக்குச் சந்தேகமே வரும். கால்நடை மருத்துவருக்கு மாடு தெரியும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெண் தெரிவாள். மாட்டுக்குக் கரு கலைந்த வீடும் பெண்ணுக்குக் காய்ச்சல் விடாத வீடும் ஒரே வீடு என்பது எந்த ஏட்டில் எழுதப்படும்? மனிதர், விலங்கு, சூழல் எல்லாவற்றுக்கும் ஒரே நலம் என்று கருத்தரங்குகளில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். அந்த ஒரே நலம் ஏற்கெனவே ஒரு பெண்ணின் உடலில் இருக்கிறது. இரண்டு துறைகளும் அவளைப் பாதிப்பாதியாகப் பார்க்கின்றன.

பாதியாகக்கூடப் பார்க்காத அளவை ஒன்றும் உண்டு. மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் தொழிலாளர்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அலகு. அந்த அலகுக்குக் ‘கொய்தா’ என்று பெயர். அரிவாள் என்று பொருள். முன்பணம் கொய்தாவுக்குத்தான். இரண்டு உடல்கள், ஓர் அரிவாள். ஒருநாள் வராவிட்டால் அபராதம். மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் வயிற்றுவலியும் அபராதமாக மாறும் இடத்தில் கருப்பையை எடுத்துவிடுவது பெண்களுக்கு வழியாகக் காட்டப்பட்டது. 2019இல் செய்தி வெளியானபின் மாநில அரசு அமைத்த குழு அந்த மாவட்டத்தில் 82,000க்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களைக் கணக்கெடுத்தது. 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஒப்பந்தக்காரரின் கணக்கேட்டில் பெண் என்ற வரியே இல்லாதிருந்தது; அந்த இல்லாமையின் விலை இது.

இவ்வளவும் சொன்னபின், எண்ணிக்கையே ஆணாதிக்கத்தின் கருவி, அதை ஒதுக்குவோம் என்று முடிப்பது எளிது. எழுத்துலகில் அந்தக் குரல் உண்டு. உடலின் அனுபவத்தை எண்ணால் சொல்ல முடியாது என்பார்கள். கவிதை எழுதுகிறவளாக அதில் பாதி எனக்குச் சம்மதம். மீதிப் பாதி ஆபத்தானது. 2001–03இல் இந்தியாவில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 301 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20இல் அது 97, தமிழ்நாட்டில் 54. இங்கே ஒவ்வொரு தாயின் சாவும் எங்கே, எப்போது, எந்த வண்டி வரத் தாமதமாகி, எந்த மருத்துவமனையில் இரத்தம் இல்லாமல் நடந்தது என்று விசாரித்துப் பதியும் முறை இருக்கிறது. எண்ணியதால் தப்பித்த பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எண்ணை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் அவர்களைக் கேட்க வேண்டும்.

கேள்வியை மாற்றினால் எண் எப்படி மாறும் என்பதற்கு மருத்துவர் ராணி பங் செய்த ஆய்வு நம் நாட்டிலேயே இருக்கிறது. மராட்டியத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களை அவரும் குழுவினரும் பரிசோதித்தார்கள். கர்ப்பிணிகளை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. கிராமத்துப் பெண்களை, பெண்களாகவே பரிசோதித்தார்கள். 1989இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. 92 விழுக்காட்டினருக்குப் பிறப்புறுப்பு, கருப்பை சார்ந்த ஏதோவொரு நோய் இருந்தது; சராசரியாக ஒருவருக்கு 3.6 நோய்கள். அதற்குமுன் அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காடு. தனக்குத் தொந்தரவு இருக்கிறது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான். மற்றவர்களுக்கு அந்த வலியும் கசிவும் பெண்ணாக இருப்பதன் பகுதி. ‘வழக்கம்தானே’ என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு நோய் மறைந்திருக்க முடியும் என்பதை அந்த ஆய்வு அளந்து காட்டியது. பிள்ளை பெறுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த உலக மருத்துவத்தை அது கொஞ்சம் வெட்கப்பட வைத்தது.

குடும்ப நல ஆய்வும் இதே மாதிரி ஒரு நல்ல காரியத்தைச் செய்திருக்கிறது. இரண்டாம் சுற்றிலிருந்து அது வன்முறையைப் பற்றிக் கேட்கிறது. தேர்ந்த வீடுகளில், வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமையில். தனிமை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியைக் கேட்கக் கூடாது என்பது விதி. ‘உங்களை யாராவது துன்புறுத்துகிறார்களா’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, கழுத்தை நெரித்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஐந்தாம் சுற்றில், திருமணமான 18–49 வயதுப் பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 38.1. தமிழ்நாட்டுக் களப்பணி ஊரடங்குக்கு முன்னும் பின்னுமாக நடந்தது என்பதையும் சேர்த்து இந்த எண்ணை வாசிக்க வேண்டும். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது மூன்றாவது எண்: உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்களில் 77 விழுக்காட்டினர் உதவி கேட்டதும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. அம்மாவிடம் இல்லை, தோழியிடம் இல்லை. கையில் கருவியோடு வந்த அறிமுகமில்லாத பெண்ணிடம் சொன்னார்கள். நன்றாக எழுதப்பட்ட கேள்விக்கு அந்த வலிமை உண்டு.

அதனால்தான் ஒரு கேள்வியை எடுத்துவிடுவது சாதாரண நிர்வாகச் செய்தி இல்லை. இரத்தசோகை 1998–99 முதல் நான்கு சுற்றுகளில் அளக்கப்பட்டது. பெண்களில் அது 51.8, பிறகு 55.3, பிறகு 53.1, கடைசியாக 57 விழுக்காடு. ஆண்களில் ஐந்தாம் சுற்றில் 25. இருபது ஆண்டுகள், எத்தனையோ திட்டங்கள், கோடிக்கணக்கான இரும்புச்சத்து மாத்திரைகளுக்குப் பிறகும் இந்த எண் இறங்கவில்லை. ஆறாவது சுற்றில் அந்தப் பரிசோதனையே எடுக்கப்பட்டது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளியை நம்ப முடியாது, நரம்பிலிருந்து எடுப்பதே சரி. உலக அளவுகோல் இந்திய உடலுக்குப் பொருந்துமா என்பதும் ஐயம். ஆகவே இதை வேறோர் ஆய்வில் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். முதல் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. 2016–18இல் குழந்தைகளிடம் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து நடத்திய ஆய்வில் இரத்தசோகை கணிசமாகக் குறைவாகவே தெரிந்தது. அப்படியானால் இரண்டு முறைகளையும் ஒரே சுற்றில் சேர்த்துச் செய்து, பழைய வரிசையையும் புதியதையும் இணைத்திருக்கலாம். வரிசையை அறுத்துவிட்டால், அடுத்த எண் எதுவாக இருந்தாலும் முந்தையதோடு ஒப்பிட முடியாது. பெண்ணின் இரத்தம் கூடியதா குறைந்ததா என்று கேட்கும் உரிமை அந்த இடைவெளியில் போய்விடுகிறது. பாலில் ஃபேட் குறைவதாகக் காட்டும் கருவியில் சந்தேகம் வந்தால் சங்கம் கருவியை மாற்றும். அளப்பதை நிறுத்தாது. பாலுக்கு அன்றன்றே விலை இருக்கிறது.

ஆகவே பெண்ணியத்தின் வேலை எண்ணுக்கு எதிரே நிற்பது இல்லை. கேள்வி எழுதப்படும் மேசைக்கு அருகே போய் உட்காருவது. 49 வயதுக்குப் பிறகும் நேர்காணல் தொடர வேண்டும். மாட்டின் எண்ணிக்கையோடு, அதற்குத் தீவனம் வைப்பது யார், விற்கும் முடிவை எடுப்பது யார், விற்ற பணம் யார் கைக்குப் போனது என்பதையும் கேட்க வேண்டும். கேட்டதை வெளியிடவும் வேண்டும். 2011இல் தமிழ்நாட்டு அரசு விலையில்லாக் கறவை மாட்டையும் ஆடுகளையும் பெண்களின் பெயரில் வழங்கியபோது, கொடுத்த தலைகளின் எண்ணிக்கை பெருமையாகச் சொல்லப்பட்டது. அவற்றில் எத்தனை அந்தப் பெண்ணைக் கேட்காமல் விற்கப்பட்டன என்பதும் நலக் கணக்கில் சேரும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் சொத்தை அவள் சம்மதமின்றி விற்பதைப் பொருளாதார வன்முறைக்குள் வைத்திருக்கிறது. அசையும் சொத்தும் அதில் அடக்கம். ஆடு அசையும் சொத்து. விடாத காய்ச்சலோடு வரும் பெண்ணிடம் ‘வீட்டில் மாடு, ஆடு உண்டா, அண்மையில் கன்று வீசியதா’ என்று கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு வரி போதும்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிப்பு வந்துவிட்டது. கணக்கெடுப்பவர்களில் பெரும்பகுதி பள்ளி ஆசிரியைகளாக இருப்பார்கள். இதை வாசிக்கும் மாணவிகளில் சிலரும் நாளை ஆசிரியைகளாகி இப்படியொரு படிவத்தோடு தெருத்தெருவாகப் போகக்கூடும். கதவு திறந்ததும், ‘உங்கள் வீட்டில் யார் யார் வேலைக்குப் போகிறார்கள்’ என்று கேட்டால், ஆண்களின் பெயர் வரும், பிறகு ‘அவ சும்மாதான் இருக்கா’ என்று ஒரு குரல் வரும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, காலையிலிருந்து என்ன செய்தாள் என்று அவளிடமே கேளுங்கள். 1991 கணக்கெடுப்பிலேயே குடும்பப் பண்ணையில் கூலியின்றிச் செய்யும் வேலையும் வேலைதான் என்ற விளக்கம் சேர்க்கப்பட்டது. பெண்கள் அமைப்புகள் கேட்டு வாங்கிய விளக்கம் அது. கணக்கெடுப்பாளருக்குத் தரப்படும் வழிகாட்டிக் கையேட்டை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள். ‘சும்மா’ என்பதற்கு அதில் கட்டம் இருக்காது.